சுவரில் தொங்கும் விஷனைப் பேரேட்டுக்கு இறக்குவது எப்படி?

காரைக்குடியைச் சுற்றி நான் கணக்கு வழக்குப் பார்க்கப் போகும் சின்னக் கம்பெனிகளில் பலவற்றில், கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று தொங்கும். மேலே 'எங்கள் விஷன்', கீழே 'எங்கள் மிஷன்'. மகனோ மருமகளோ எம்பிஏ முடித்து வந்த வருஷம் மாட்டியதாக இருக்கும். உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி, புதுமை என்று ஓடும். இதை மாட்டிய பிறகு கடையில் என்ன மாறியது என்று ஒரு முதலாளியிடம் கேட்டேன். "ஆணி அடிச்ச இடத்துல சுண்ணாம்பு பேந்துடுச்சு" என்றார். (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுவரில் ஆணி அடிப்பதே பாவம், அது தனிக் கதை.)

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், அப்பா நடத்திய கடையைக் கையில் வாங்கியவர்கள், "ஸ்ட்ராட்டஜி ஒண்ணு எழுதிட்டு வா" என்று மேலதிகாரி சொல்லி முழிப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. சட்டத்தில் இருக்கிற வாசகம் உங்கள் பேரேட்டில், அதாவது லெட்ஜரில், எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில், எத்தனை ரூபாயாகத் தெரிகிறது? தெரியவில்லை என்றால் அதை அங்கே கொண்டுவர வேண்டும், அதற்கான படிகள் கீழே.

முதலில் மூன்று சொல்லையும் பிரியுங்கள்

விஷன் என்றால் போய்ச் சேர வேண்டிய இடம். மிஷன் என்றால் யாருக்காக, எந்த வேலையை, நாம் தினமும் செய்கிறோம் என்பது. உத்தி என்றால் எந்த வழியாகப் போகிறோம், அதற்காக எதை விடுகிறோம் என்பது. குழப்பம் வருவது மூன்றாவதில்தான்.

சென்னை போகணும் என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடியில் பல்லவனைப் பிடித்தால் விடியுமுன் எழுந்து ஓடணும், பாதிப் பகல் ரயிலிலேயே போய்விடும். ராத்திரி பஸ் ஏறினால் பகல் மிஞ்சும், தூக்கம் போகும், இடுப்பும் போகும். இரண்டில் ஒன்றை இழக்கச் சம்மதித்தால்தான் டிக்கெட்டே எடுக்க முடியும். எதையும் இழக்காமல் எழுதிய 'உத்தி' என்று யாராவது காட்டினால் அது வெறும் ஆசைப் பட்டியல், பத்திரமாக மடித்து வைத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் வாசகத்தை எடுத்து, அதில் உங்கள் கம்பெனி பெயரை அழித்துவிட்டு எதிர்த்த கடை பெயரை எழுதிப் பாருங்கள். அப்படியும் சரியாகப் பொருந்துகிறதா? செக்காலை ரோட்டில் உள்ள மருந்துக்கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் கூடப் பொருந்துகிறதா? அப்படியானால் அது இன்னும் யாருடைய வாசகமும் இல்லை.

நல்ல வாசகம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்ம ஊரிலேயே ஒன்று உண்டு. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, அந்நியச் செலாவணியும் கடல் கடந்த வங்கித் தொழிலும்தான் நோக்கம் என்று வைத்துக்கொண்டார். பெயரிலேயே அது இருக்கிறது. முதல் நாளிலேயே எங்கே திறந்தார்கள் பாருங்கள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன், மூன்றும் ஒரே சமயத்தில். அடுத்தது பினாங்கு. நோக்கத்தைப் படித்தால் கிளை எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம், கிளைகளைப் பார்த்தால் நோக்கத்தைச் சொல்லிவிடலாம். அந்தப் பொருத்தம் வந்தால் போதும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம்

இனி வருவதற்கெல்லாம் ஒரு பலகாரக் கடையை உதாரணமாக வைக்கிறேன். நான் பார்த்த மூன்று நான்கு கடைகளை ஒன்றாகப் பிசைந்து உருட்டியது, அதனால் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். நடத்துவது ஒரு ஆச்சி. வேலைக்குப் பத்துப் பேர். சட்டத்தில் இருந்த வாசகம்: 'செட்டிநாட்டுப் பலகாரத்தை உலகமெங்கும் கொண்டு சேர்ப்போம்.'

உலகமெங்கும் என்பது ரொம்பப் பெரிய ஊர். யாருக்கு என்று கேட்டுக் கேட்டு இறங்கி வந்தோம். கடைசியில் தாளில் நின்றது இதுதான்: 'வெளியூரில் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்கள், கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும், வீட்டில் சுட்டது போலவே இருக்கும் பலகாரத்தை எங்களிடம் வாங்குவார்கள். மூன்று வருஷத்தில் வெளியூர் ஆர்டர் உள்ளூர் விற்பனையைத் தாண்டும்.' ஆள் இருக்கிறது, பொருள் இருக்கிறது, வருஷம் இருக்கிறது. கேட்க அழகாக இல்லை, பரவாயில்லை.

பேரேட்டைத் திறங்கள்

அடுத்தது எல்லோரும் தாண்டிப் போகும் படி. எதிர்காலத்தைப் பற்றி எழுதும் முன்னால் போன 12 மாதத்தைப் பாருங்கள். பில் புத்தகமோ டேலியோ, எதுவாக இருந்தாலும் சரி. நான்கே பத்தி போடுங்கள்: எந்தச் சரக்கு, யார் வாங்கினார்கள், எந்த மாதம், செலவு போக எவ்வளவு நின்றது. கடைசிப் பத்திதான் கஷ்டம், ஏனென்றால் எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் மொத்தமாகத்தான் எழுதியிருப்பார்கள். தோராயமாகப் பிரியுங்கள், பைசா சுத்தமாக வரணும் என்று மூன்று வாரம் உட்கார வேண்டாம்.

இதைச் செய்தால் இரண்டு விஷயம் வெளியே வரும். ஒன்று, ஓடுகிற சரக்கு வேறு, காசு நிற்கிற சரக்கு வேறு. ஆச்சி கடையில் சாயங்காலக் கூட்டமெல்லாம் சீயத்துக்கும் கந்தரப்பத்துக்கும்தான். ஆனால் அவை அன்றன்றைக்கே போக வேண்டியவை, மிஞ்சினால் வேலைக்காரர்கள் வீட்டுக்குப் போகும். காசு நின்றது தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை வகையறாவில். இரண்டு, காலம். தையிலும் ஆவணியிலும் டின் டின்னாகச் சீர்ப் பலகாரம் போகும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. எங்கிருந்தோ எடுத்த அட்டவணையை வைத்து 'மாதாமாதம் இத்தனை சதவீத வளர்ச்சி' என்று திட்டம் போட்டால் ஆடி மாதம் அது பல்லிளிக்கும்.

முடிச்சைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் முக்கியமான படி, நேரத்தில் பாதியை இங்கேயே செலவழிக்கலாம். போக வேண்டிய இடம் தெரியும், இருக்கிற இடமும் தெரிந்துவிட்டது. நடுவில் எது தடுக்கிறது? பத்துக் குறை சொல்வார்கள். பத்தில் ஒன்று அவிழ்ந்தால் மற்றதில் பாதி தானாக அவிழும், அந்த ஒன்றுதான் வேண்டும். கண்டுபிடிக்க வழி ரொம்ப எளிது, ஏன் ஏன் என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே போவது.

"வெளியூர் ஆர்டர் ஏன் ஆச்சி எடுக்கல?"

"எடுத்தா குடுக்க முடியலையே தம்பி."

"ஏன்?"

"ஆள் இல்ல."

"உள்ள பத்துப் பேர் நிக்கிறாங்களே?"

"நிக்கிறாங்க. பாகுப் பதம் பாக்கத் தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். அதுல ஒருத்திக்கு மக பிரசவம், வர்ற மாசம் லீவு."

மணகோலத்துக்கு வெல்லப்பாகு கொஞ்சம் முற்றினால் கல்லாகிவிடும், இளகினால் டின்னுக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, அடுப்பை அணைக்கிற அந்த நொடி இரண்டு பேரின் விரல் நுனியில் இருக்கிறது. இதைக் கேட்பதற்கு முந்தின வாரம்தான் வெப்சைட்டுக்கும் ஒரு பேக்கிங் மெஷினுக்கும் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டையும் வாங்கியிருந்தால் ஆர்டர் இன்னும் அதிகமாக வந்திருக்கும், கொடுக்க முடியாத ஆர்டரும் அதே அளவுக்கு அதிகமாகியிருக்கும். உலகமெங்கும் என்ற விஷன் சிக்கிக்கொண்டிருந்தது இரண்டு ஜோடிக் கையில்.

உங்கள் தொழிலில் முடிச்சு வேறாக இருக்கும். வராத பாக்கியாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் தானே கையெழுத்துப் போடணும் என்று நினைக்கிற அப்பச்சியாக (அப்பாவாக) கூட இருக்கலாம். (கடைசியில் சொன்னது இந்தப் பக்கத்தில் அடிக்கடி பார்ப்பது. அதைத் தாளில் எழுதும்போது கொஞ்சம் பக்குவமாக எழுதுங்கள்.)

எதைச் செய்ய மாட்டோம்?

முடிச்சு தெரிந்ததும் உத்தி இரண்டு வரியில் வந்துவிடும். ஆச்சி கடையில்: 'இந்த வருஷம் பதம் தெரிந்த கை இரண்டை ஆறாக்குவோம். நாள் தாங்கும் பலகாரம் ஐந்தை மட்டும் வெளியூர் அனுப்புவோம்.' அவ்வளவுதான்.

ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பட்டியல் வேண்டும், செய்ய மாட்டோம் என்ற பட்டியல். இது இல்லாத உத்தி இரண்டாவது மாதமே கரைந்துவிடும். மதுரையில் கிளை இந்த வருஷம் இல்லை. உணவு ஆப்பில் சேர்வது இல்லை. ஆடித் தள்ளுபடி இல்லை. இதுவரைக்கும் ஆச்சி தலையாட்டினார். சீயம் தினமும் போடுவதில்லை என்று எழுதியபோதுதான் தாளைப் பிடுங்கிக்கொண்டார். "சீயம் இல்லாத கடைய எவன்டா செட்டிநாட்டுக் கடைன்னுவான்?" நியாயம்தான். ஆனால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து பதம் தெரிந்த இரண்டு பேரும் சீயத்துக்குத்தான் பூரணம் கிளறிக்கொண்டு நிற்கிறார்கள், புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த நேரம்தான் உண்டு. அரை மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் 'சீயம் வெள்ளிக்கிழமை மட்டும், கடையிலேயே' என்று அவரே எழுதினார். வலிக்கிற மாதிரி ஒரு வரியாவது இந்தப் பட்டியலில் இல்லையென்றால் நீங்கள் இன்னும் தேர்வு செய்யவில்லை என்று அர்த்தம்.

சம்பளச் சீட்டு மாதிரி எழுதுங்கள்

இரண்டு வரி உத்தியை ஆளாகவும் தேதியாகவும் உடைக்க வேண்டும். இதற்கு நம்ம ஊர்ச் செட்டியார்கள் 'கொண்டுவிற்கப் போன', அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன, பழைய கணக்கையே பார்க்கலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் முதலாளி எல்லோரும் தானே போய் உட்காரவில்லை, ஏஜெண்டை அனுப்பினார்கள். வழக்கமாக மூன்று வருஷம். சம்பளச் சீட்டு எழுதி, ஒரு பகுதி முன்பணம் கொடுத்து, முதலாளி சார்பில் நடக்க அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்புவார்கள். போனவர் அங்கிருந்து முறையாகக் கணக்கு அனுப்ப வேண்டும், முடிந்து வரும்போது லாபத்தைப் பொறுத்து மேல்பணமும் உண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், இன்றைக்குப் பெட்டியடியில் இருப்பவன் பிறகு ஏஜெண்டாகலாம். கடல் தாண்டி இருக்கிற கடை, போன் கிடையாது, கடிதம் போய் வர வாரக்கணக்கு. அப்படியும் நடந்தது என்றால் யார் எதைச் செய்யலாம், எவ்வளவு பணத்துக்குள், எத்தனை நாளைக்கு, எப்படிக் கணக்குச் சொல்லணும் என்பது புறப்படும் முன்பே தீர்ந்துவிட்டதால்தான்.

உங்கள் தாளிலும் ஐந்து பத்தி போடுங்கள்: வேலை, ஆள், தேதி, பணம், முடிந்தது என்பதற்கு அடையாளம். 'ஆள்' பத்தியில் ஒரே ஒரு பெயர்தான் வரணும். 'எல்லோரும்' என்றோ 'டீம்' என்றோ எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். ஆச்சி கடைத் தாளில் முதல் வரி இப்படி இருந்தது: மணகோலப் பாகு, புது ஆட்கள் இருவருக்குப் பழக்குதல், பொறுப்பு மூத்த சமையல்காரம்மா, 90 நாள், வீணாகும் வெல்லத்துக்கும் மாவுக்கும் வாரம் இத்தனை ரூபாய், அடையாளம்: அவர் கை வைக்காமல் அடுத்தடுத்து பத்து ஈடு (ஒரு தடவை போட்டு எடுப்பது ஒரு ஈடு) சரியாக வருவது. அந்த வீண்செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் முதல் ஈடு கெட்ட உடனே பழகுகிறவரை அடுப்புப் பக்கமே விட மாட்டார்கள். 90 நாளுக்கு மேல் இவ்வளவு விவரமாக எழுதவும் வேண்டாம், எழுதினாலும் பலிக்காது.

பணம் எந்தத் தலைப்பில் நிற்கிறது?

நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார்கள், கணக்கில் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று எடுத்துவைத்து அதைத் தனியாகக் கணக்கில் எழுதுவார்கள். தர்மம் செய்வோம் என்று சட்டம் போட்டு மாட்டவில்லை, பற்று வரவாக எழுதினார்கள். நான் முதலில் சொன்னது இதைத்தான்.

காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்ததும் அதே வழியில்தான். ஊர் படிக்கணும், விஞ்ஞானம் வரணும் என்று அழகப்பச் செட்டியார் பேசியதோடு நிற்கவில்லை, 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் மேசைமேல் வைத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள்.

நம்மிடம் 300 ஏக்கர் இல்லை, சரி. உங்கள் உத்திக்கென்று பேரேட்டில் ஒரு தலைப்பு திறந்து, அதில் இந்த மூன்று மாதத்துக்கு ஒரு தொகையைப் போடுங்கள். பணம் புதிதாக வர வேண்டியதில்லை, 'செய்ய மாட்டோம்' பட்டியலிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கும். ஆச்சி கடையில் வாங்காமல் விட்ட பேக்கிங் மெஷின் முன்பணம் அப்படியே இந்தத் தலைப்புக்கு வந்தது.

எதை எண்ணுவது?

அளவுகோல் என்று வரும்போது ஓகேஆர், பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்றெல்லாம் காதில் விழும். முதலாவது 1970-களில் இன்டெலில் ஆண்டி குரோவ் நடத்திக் காட்டியது, ஒரு இலக்கு, அதை அடைந்தோமா என்று காட்டும் சில எண்கள். இரண்டாவதை 1992-இல் ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் முன்வைத்தார்கள், பண எண்ணை மட்டும் பார்க்காமல் வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் என்று நாலு பக்கமும் பார்ப்பது. நல்லவைதான். பத்துப் பேர் கடைக்கு மூன்று எண் போதும்.

ஆனால் எந்த மூன்று என்பதில் கவனம். ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணல் சிமெண்டைத் தூவி, கலவை போட்டு மட்டம் செய்து, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அந்தக் கண்ணாடியிலிருந்துதான் பளபளப்பே வருகிறது. இங்கே 'ஒரு நாளைக்கு எத்தனை கல்' என்று மட்டும் எண்ணி அதற்கு ஊக்கத்தொகையும் கொடுத்தால் என்ன ஆகும்? தொட்டியிலிருந்து ஒரு நாள் முன்னாலேயே எடுப்பார்கள். எண் ஏறும். ஆறு மாதம் கழித்து யாரோ வீட்டு முகப்பில் கல் விரியும்.

எனவே எண்ணிக்கை ஒன்று வைத்தால் அதற்குக் காவலாகத் தரம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். ஆச்சி கடையின் மூன்று: பதம் தெரிந்த கை எத்தனை, வெளியூர் போன டின் எத்தனை, நமுத்தது, காறியது, நொறுங்கியது என்று திரும்ப வந்த புகார் எத்தனை. கரும்பலகையில் சாக்பீஸால் வாரம் ஒருமுறை.

மாதம் ஒருமுறை உட்காருங்கள்

ரங்கூனில் செட்டியார்கள் மாதம் ஒருமுறை கோயிலில் கூடி அந்த மாத நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு மறந்துபோகவில்லை. உங்களுக்கும் மாதம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரம், கடை சாத்திய பிறகு. ஐந்து பத்தித் தாளும் மூன்று எண்ணும் முன்னால் இருக்கட்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன், அடுத்த மாதம் எதை மாற்றுகிறோம். திட்டிக்கொள்வதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டும்: நாம் செய்வதாகச் சொன்ன தொழிலையா இப்போது செய்துகொண்டிருக்கிறோம்? இதுவும் பர்மா சொல்லிக்கொடுத்ததுதான். செட்டியார்கள் அங்கே போனது கொடுக்கல் வாங்கலுக்கு, நிலம் வாங்க இல்லை. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமான நிலம் கைக்கு வந்துகொண்டே இருந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-இல் 25 சதவீதம். யாரும் அப்படித் திட்டம் போடவில்லை, ஒவ்வொரு கடனாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம்தான். ஆனால் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்து ஊருக்கு அனுப்பலாம், வயலைப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்ற முடியாது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அவ்வளவு பெரிய சூறையில் மாதக் கூட்டம் எதைத் தடுத்திருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்கள் அளவில், சரக்கு வாங்கியவர் தர வேண்டிய பாக்கிக்குப் பதிலாக வாங்கிய ஒரு மினி லாரி, பிறகு அதற்கு டிரைவர், பிறகு சும்மா நிற்கிறதே என்று வெளி வாடகை, ஒரு வருஷத்தில் பலகாரக் கடை பாதி லாரி ஆபீஸ் என்று ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு நாள் பார்க்கிறவர்களுக்கு: ஆடி மாதம் வசதி. கடை காற்றாடும், ஆட்கள் கையில் நேரம் இருக்கும், 12 மாத பில்லையும் ஒரு முழு வெள்ளைத்தாளையும் திண்ணையில் விரித்துப் போட்டு உட்காரலாம். ஐப்பசியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தீபாவளி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற ஆச்சியிடம் போய் "நம்ம மிஷன் என்ன?" என்று நானே ஒருமுறை கேட்டேன், பக்கத்தில் இருந்த மாவு அரைக்கும் மிஷினைக் காட்டி "ரிப்பேரு, ஆளக் கூட்டிட்டு வா" என்றார்.